ரஸ்டியின் நெற்றிச் சுழி

நான்காவது சீட்டைப் புரட்டியபோது ரோண்டாவின் விரல் அப்படியே நின்றுவிட்டது.

திங்கட்கிழமை, சாயங்காலம் ஐந்தரை மணி. சமையலறை மேஜையைச் சுற்றி நாலு பேர். நடுவில் ஹிக்கரி ஏரி முகாமின் வரைபடம், அதன் மேல் சோள ரொட்டித் துணுக்குகள். வெள்ளிக்கிழமை மத்தியானம் குதிரைகளை ஏற்றிக்கொண்டு ட்ரெய்லர் வண்டிகள் கிளம்பியாக வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, இதே மேஜையில், மூன்று போனை வைத்துக்கொண்டு சரியாக எட்டு மணிக்குத் தட்டி, தண்ணீரை ஒட்டிய மூன்று இடங்களைப் பிடித்திருந்தார்கள். குதிரையோடு வருகிறவர்களை ஏரிக்கரையில் தங்கவிடும் பூங்கா அந்த வட்டாரத்திலேயே இரண்டுதான். எட்டு மணி இரண்டு நிமிடத்துக்குப் போனைத் தொட்டவனுக்குக் கக்கூஸ் பக்கத்து இடம்கூடக் கிடைக்காது.

"பீன்ஸ் நான் கொண்டுவர்றேன்," என்றார் ஹார்லன். பக்கத்து நிலத்துக்காரர், வயது அறுபத்தெட்டு. குதிரை வேண்டாம் என்று இரண்டு கோவேறு கழுதைகளோடு காலம் தள்ளுகிறவர்.

"பீன்ஸ் கொண்டுவந்தா உங்க ட்ரெய்லரை எதிர்க்கரையில நிறுத்துங்க," என்றாள் ரோண்டாவின் தோழி ட்விலா. "போன தடவை என் குதிரையே ராத்திரி பூரா தூங்கல."

"உன் குதிரை தூங்காதது உன் குறட்டையில."

வெண்டல் சிரித்தான். ரோண்டாவின் புருஷன். சிரித்துக்கொண்டே பெண்டாட்டியின் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

ரோண்டாதான் முகாமுக்குத் தலைவி. மூன்று வருஷமாக அவள்தான். எல்லாக் குதிரைகளின் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும் நீலக் கோப்பில் அடுக்கி, பூங்கா வாசலில் ரேஞ்சர் கையில் கொடுப்பது அவள் வேலை. போன வருஷம் ட்விலாவின் சீட்டு இரண்டு நாள் காலாவதியாகியிருந்ததால் அவள் வாசலோடு திரும்பிப் போனாள். அதிலிருந்து ரோண்டா ஒவ்வொரு சீட்டையும் எழுத்தெழுத்தாகப் படிப்பாள்.

இது ரஸ்டியின் சீட்டு. ஏப்ரல் மாதம் வெண்டல் சந்தையில் வாங்கிவந்த குதிரை. செம்பழுப்பு, காயடித்தது, வயது ஏழு, நெற்றியில் சின்ன வெள்ளை. எல்லாம் சரி. தேதியும் சரி. முடிவு: நோய் இல்லை.

கீழே குதிரைத் தலையின் படம். அதில் மருத்துவர் பேனாவால் குறி போட்டிருந்தார். கண்களுக்கு நடுவே, ஒன்றன்மேல் ஒன்றாக, இரண்டு மயிர்ச் சுழி.

ரோண்டா அந்தக் குதிரையைத் தினமும் தேய்த்துக் குளிப்பாட்டுகிறவள். அதன் நெற்றி அவள் கைக்கு மனப்பாடம்.

"மேய்ச்சல்ல பிஸ்கட்டுக்குத் தண்ணி வச்சேனான்னு பாத்துட்டு வந்துடறேன்," என்று எழுந்தாள்.

"இப்பதானே வச்ச?" என்றான் வெண்டல். குரல் கொஞ்சம் அவசரமாக வந்தது.

அவள் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள்.

மேய்ச்சலில் இரண்டும் ஒரே தொட்டியடியில் நின்றன. ரஸ்டியும், அவளுடைய பெட்டைக் குதிரை பிஸ்கட்டும். பிஸ்கட் அவளிடம் வந்து பதினாலு வருஷம். குட்டியாக வந்தது. ரோண்டாவின் முதல் கல்யாணம் முறிந்ததும், அம்மா போனதும், அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் கழிந்தன.

ரஸ்டியின் நெற்றி மயிரை ஒதுக்கினாள். விரலால் தடவினாள். இடது கண்ணுக்கு மேலே ஒரு சுழி. நடுவில் மழமழவென்று ஒன்றுமில்லை. இன்னொரு தடவை தடவினாள்.

ஒன்றுதான்.

அப்படியானால் இந்தச் சீட்டு இந்தக் குதிரையுடையது இல்லை. இந்தக் குதிரையின் ரத்தத்தில் என்ன ஓடுகிறது என்று யாருக்குமே தெரியாது.

பின்னால் பூட்ஸ் சத்தம்.

"எப்போ தெரியும் உனக்கு?" என்று கேட்டாள், திரும்பாமலே.

வெண்டல் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "வாங்கின அன்னைக்கே."

"வாங்கின அன்னைக்கே!"

"வித்தவன்கிட்ட செம்பழுப்பு ரெண்டு நின்னுச்சு. சீட்டு ஒண்ணு. கேட்டதுக்கு, 'வாசல்ல நிக்கிறவன் கலரையும் தேதியையும் பாப்பான், சுழியையா எண்ணப்போறான்'னான். ஊர்ல பாதிப்பேர் செய்யறதுதான் ரோண்டா. நீயும் பாத்திருக்க."

"ஊர்ல பாதிப்பேர் என் பிஸ்கட்டோட ஒரே தொட்டியில தண்ணி குடிக்கல."

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினான்.

"ஆகஸ்ட்ல மூணு நாள் காய்ச்சல்ல தலையைத் தொங்கப்போட்டு நின்னானே ரஸ்டி?"

"வெயில்."

"வெயிலா? என் முகத்தைப் பாத்துச் சொல்லு."

அவன் பார்க்கவில்லை.

"ஒரு ஊசி ரத்தம், வெண்டல். குதிரை டாக்டரம்மாவைக் கூப்பிட்டிருந்தா அரை மணி நேர வேலை."

"ரத்தம் எடுத்தா பதில் வந்துடுமே," என்றான் மெதுவாக. "என் பழைய குதிரை செத்து நாலு மாசம், நீங்க எல்லாம் சவாரி போறப்போ நான் பிக்கப்ல பின்னாடி வந்துட்டிருந்தேன். பதில் வராத வரைக்கும் இவன் நல்ல குதிரைதானே."

ரோண்டாவுக்குக் கை அரித்தது. அறைந்துவிடலாம் போல. ஆனால் கண் வேறு எங்கோ நின்றது. ரஸ்டியின் தோளில் ஒரு குதிரை ஈ. கட்டைவிரல் நகம் அளவுக்குத் தடித்த ஈ. வாலை வீசியதும் எழும்பியது. அரை வட்டம் அடித்தது. பிஸ்கட்டின் கழுத்தில் உட்கார்ந்தது.

இரண்டே எட்டில் பாய்ந்து உள்ளங்கையால் அறைந்தாள். பிஸ்கட் திடுக்கிட்டு விலகியது. உள்ளங்கையில் சிவப்பு.

யாருடைய ரத்தம் இது?

அந்தச் சீட்டு தேடுவது குதிரைகளுக்கு வரும் சதுப்புக் காய்ச்சலை; அதற்கு மருந்து இல்லை. ஈ ஒரு குதிரையைக் கடித்துவிட்டு அடுத்ததைக் கடித்தால் போதும். நோய் வந்த குதிரை பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சாகிறவரை ரத்தத்தில் சுமந்துகொண்டு திரியும். அதனால் அரசாங்கம் இரண்டே வழி வைத்திருக்கிறது. ஒன்று, கொல்லும் ஊசி. இல்லையென்றால், வேறு எந்தக் குதிரையிடமிருந்தும் இருநூறு கெஜம் தள்ளி, ஆயுசு பூராவும் தனிமை. பிஸ்கட்டுக்கு வந்திருந்தால் அதற்கும் அதே இரண்டு வழிதான்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறு," வெண்டல் கெஞ்சினான். "போயிட்டு வந்துடுவோம். வந்ததும் நானே டாக்டரம்மாவைக் கூப்பிடறேன். ஈயும் குறைஞ்சுபோச்சு. ஆறு மாசமா காத்திருந்த இடம், ரோண்டா. அவங்ககிட்ட என்னன்னு சொல்லுவ?"

அவள் சிவந்த உள்ளங்கையை அவன் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"குறைஞ்சுபோச்சா?"

உள்ளே ஹார்லன் வரைபடத்தில் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். "இந்த ரெண்டு ஓக் மரத்துக்கும் நடுவுல கயித்தை உசரக் கட்டினா அஞ்சு உருப்படியையும் வரிசையா கட்டிடலாம். நிழலும் இருக்கு, தண்ணியும் கிட்ட..."

"ஹார்லன், உங்க கழுதைங்க இப்ப எங்க மேயுது?"

"எப்பவும்போல உங்க வேலிக்கு அந்தப் பக்கம். ஏன்?"

அவள் சீட்டை அவர் முன்னால் வைத்தாள். வெண்டல் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"இது ரஸ்டி சீட்டு இல்ல. வேற குதிரையோடது. ரஸ்டிக்கு ரத்தமே எடுத்ததில்ல."

ஹார்லன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படத்தைப் பார்த்தார். வெண்டலைப் பார்த்தார். பென்சில் மேஜையில் உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"ஜூலையில," என்று ஆரம்பித்தார். குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது. "ஜூலையில என் நிலத்துல ரெண்டு நாள், அஞ்சையும் ஒரே கயித்துல கட்டியிருந்தோமேடா! ஈ மொய்ச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. நீ பக்கத்துல உக்காந்து என் பீன்ஸைத் தின்னுக்கிட்டிருந்தியேடா, பாவி!"

"ஹார்லன், நான்..."

"பேசாத! நீ வாயைத் திறந்திருக்க வேண்டியது ஏப்ரல்ல."

ட்விலா எழுந்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். ரோண்டாவின் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, உனக்கு எப்போ தெரியும்?"

"அஞ்சு நிமிஷம் ஆச்சு."

ட்விலா அவள் கண்ணையே பார்த்தாள். நம்பினாளா, இல்லையா? தெரியவில்லை.

ரோண்டா போனை எடுத்தாள். பதிவுப் பக்கத்தைத் திறந்தாள். ஏரிக்கரையில் ஏழு, எட்டு, ஒன்பது, அவர்களுடைய மூன்று இடம். ஒவ்வொன்றாக ரத்து செய்தாள். மூன்றும் காலி என்று பச்சையாக மாறின. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏழு சிவப்பானது. பிறகு ஒன்பது. ஒரு நிமிடத்துக்குள் எட்டும். எவனோ எங்கோ போனோடு காத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"முடிஞ்சது," என்றாள். "டாக்டரம்மா நாளைக்கு வருவாங்க. அஞ்சுக்கும் ரத்தம் எடுக்கணும். உங்க ரெண்டு கழுதையையும் சேத்து."

ஹார்லன் கதவை அறைந்துகொண்டு போனார். ட்விலா கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள். ரோண்டாவுக்கு அந்த இரண்டாவதுதான் அதிகம் வலித்தது.

செவ்வாய்க்கிழமை காலை டாக்டரம்மா ரென்ஃப்ரோ வந்தார். ரஸ்டியின் கழுத்தில் ஊசி இறங்கியபோது அது காதைக்கூட அசைக்கவில்லை. பிஸ்கட்தான் ஆடியது. ரோண்டா நெற்றியோடு நெற்றி வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா புதுச் சீட்டில் குதிரைத் தலைப் படத்தின் மேல் குனிந்தார். "இந்தத் தடவை சுழியை எண்ணிப் போடறேன் வெண்டல். நீயும் ஒரு தடவை எண்ணிக்கோ."

வெண்டல் எண்ணினான். எண்ணுவதற்கு ஒன்றுதான் இருந்தது.

"வியாழக்கிழமைக்குள்ள தெரிஞ்சிடும்," என்றார் டாக்டரம்மா. "அதுவரைக்கும் ரெண்டையும் பிரிச்சு வை. இவளைக் கொட்டகைக்குள்ள விட்டு ஈ வராம வலை கட்டு."

பிரித்தார்கள். பிஸ்கட் வலைக்குப் பின்னால் நின்று ரஸ்டியைக் கூப்பிட்டது. அந்தப் பக்கமிருந்து ரஸ்டி பதில் கொடுத்தது. புதன்கிழமை பூராவும் இதே கனைப்பு. வீட்டுக்குள் இருந்த இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் அவ்வளவுகூடக் கூப்பிட்டுக்கொள்ளவில்லை. உப்பு வேண்டுமென்றால் எழுந்துபோய் எடுத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை மூன்றே முக்கால். ரோண்டா ஓட்டுகிற பள்ளிக்கூடப் பேருந்தில் கடைசிப் பிள்ளையும் இறங்கிவிட்டது. கதவை மூடும்போது போன் அடித்தது.

"எங்க இருக்க ரோண்டா?"

"பஸ்ல. ஓரமாத்தான் நிறுத்தியிருக்கேன். சொல்லுங்க டாக்டரம்மா."

"ரஸ்டிக்கு இருக்கு."

எதிரே மரப்பாலம். அதன் பலகைகளை எண்ண ஆரம்பித்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது.

"பிஸ்கட்?"

காகிதம் புரளும் சத்தம். ஒரு பலகை. இரண்டு. மூன்று. நாலு.

"இப்போதைக்கு இல்ல."

"இப்போதைக்குன்னா?"

"கடைசியா கடிச்ச ஈ என்ன செஞ்சுட்டுப் போச்சுன்னு ரத்தத்துல தெரிய நாளாகும். அறுபது நாள் கழிச்சு இன்னொரு தடவை எடுக்கணும். அப்பவும் இல்லைன்னாத்தான் இல்ல. ஹார்லன் கழுதைங்களுக்கும் ட்விலா குதிரைக்கும் இதேதான்."

அறுபது நாள். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டாள். ஹாரன் அலறியது. பாலத்தடியிலிருந்து புறாக்கள் பறந்தன.

வெள்ளிக்கிழமை மத்தியானம். ட்ரெய்லர்கள் கிளம்பியிருக்க வேண்டிய நேரத்தில் அரசாங்கக் கால்நடை அதிகாரியின் வண்டி வந்து நின்றது. ரஸ்டியின் கழுத்தில், நோயுள்ள குதிரை என்று இனி அழியாத முத்திரை வைத்தார். பிறகு வெண்டலிடம் கேட்டார்: "ஊசியா, தனிமையா?"

"தனிமை," என்றான் வெண்டல். "தப்பு என்னோடது. அவன் ஏன் சாகணும்?"

"இருநூறு கெஜம். நாலு பக்கமும். ஒரு அடி குறைஞ்சாலும் ஊசிதான்."

அளப்பதற்கு வீட்டில் இருந்தது ஒரே ஒரு நீளக் கயிறுதான். முகாமில் இரண்டு ஓக் மரங்களுக்கு நடுவே கட்டுவதற்காக வாங்கிய புதுக் கயிறு. நூறு அடி. ஆறு தடவை போட்டால் இருநூறு கெஜம். ரோண்டா ஒரு முனை, வெண்டல் ஒரு முனை. பிஸ்கட்டின் கொட்டகையிலிருந்து மேட்டைப் பார்த்து நடந்தார்கள். ஒன்று. இரண்டு. மூன்று. ஆறாவது கயிறு முடிந்த இடத்தில் காட்டு பிளம் புதர்கள். ரஸ்டியின் இடம் இது என்று வெண்டல் ஒரு முளையை அடித்தான். இந்தப் பக்கம் சரி.

அங்கிருந்து ஹார்லனின் வேலியைப் பார்த்து அளந்தார்கள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

நாலோடு கம்பிவேலி வந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு கழுதைகள். நடுவில் ஹார்லன், கையைக் கட்டிக்கொண்டு. வந்து எவ்வளவு நேரமோ.

இரண்டு கயிறு குறைகிறது. முளையை இந்தப் பக்கம் நகர்த்தினால் பிஸ்கட்டுக்குக் கிட்டே வரும். அந்தப் பக்கம் நகர்த்தினால் கழுதைகளுக்கு. வேறு இடமே இல்லை. அதிகாரி தூரத்தில் வண்டியில் சாய்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வெண்டல் கயிற்றை விட்டான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். "சரி," என்றான். "சரி. ஊசியே..."

"அந்த முனையைக் குடு," என்றார் ஹார்லன்.

வெண்டலுக்குப் புரியவில்லை.

"காதுல விழலையா? கயித்தைக் குடுடா."

கம்பிக்கு நடுவே கையை விட்டு வாங்கிக்கொண்டார். தன் மேய்ச்சலுக்குள்ளே நடந்தார். கயிறு விறைத்ததும் குதிகாலால் மண்ணில் கோடு கிழித்தார். ரோண்டா வேலியைத் தாண்டிப் போய் கோட்டில் நின்று மறுமுனையைப் பிடித்தாள். அவர் இன்னொரு நூறு அடி நடந்தார். நின்றார். பூட்ஸால் ஓங்கி மிதித்தார்.

"என் வேலி இனிமே இங்க வரும். கம்பமும் கம்பியும் உன் வேலை வெண்டலு. குழியும் நீதான் தோண்டணும்."

"ஹார்லன்..."

"உனக்காகன்னு நினைச்சுக்காத. இவ வந்து மேஜையில சொன்னா பாரு, அதுக்காக. உன் பேச்சைக் கேட்டிருந்தா இந்நேரம் நாம ஏரிக்கரையில ஊரான் குதிரை நாப்பதுக்கு நடுவுல அடுப்பு மூட்டியிருப்போம்."

வெண்டல் இரண்டு வாரம் குழி தோண்டினான். ஹார்லன் தினமும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கம்பம் கோணலாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

டிசம்பர், முதல் சனிக்கிழமை. காலை ஏழு ஐம்பது.

அதே மேஜை. மூன்று போன். ஜூன் மாதத்துக்கான பதிவு எட்டு மணிக்குத் திறக்கும். ட்விலாவின் குதிரைக்கும் ஹார்லனின் கழுதைகளுக்கும் இரண்டாவது சோதனையில் ஒன்றும் இல்லையென்று புதன்கிழமையே தெரிந்துவிட்டது. பிஸ்கட்டின் முடிவு மட்டும் வரவில்லை. அதே நாளில் எடுத்த ரத்தம். ஏன் வரவில்லை?

ரோண்டா மூன்று நாளாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் சேத்துப் போடறதா, வேண்டாமா?" என்றாள் ட்விலா. இரண்டு மாதம் பேசாமல் இருந்துவிட்டு, போன வாரம்தான் ஒரு ஆப்பிள் பையோடு வந்திருந்தாள். ஆப்பிள் பிஸ்கட்டுக்கு என்று சொன்னாள்.

"உங்களுக்குப் போட்டுக்கோங்க. நான் பாக்கறேன்."

"பாக்கறதாவது! எட்டு ரெண்டுக்கு என்னத்தடி பாப்ப?"

ஏழு ஐம்பத்தாறு. ஹார்லன் விரலைப் போனுக்கு மேலே தூக்கிப்பிடித்துக்கொண்டு, கொக்கு மாதிரி அசையாமல் இருந்தார். வெண்டல் அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றான்.

ஏழு ஐம்பத்தெட்டு. ரோண்டாவின் போன் அடித்தது. பதிவுப் பக்கம் மறைந்து திரையில் டாக்டரம்மாவின் பெயர்.

எடுத்தாள். காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ரோண்டா? இருக்கியா? முதல் குழாய் வழியில உடைஞ்சுபோச்சாம். மிச்சம் வச்சிருந்ததை அனுப்பினேன், அதான் தாமதம். இப்பத்தான் வந்துச்சு."

"சொல்லுங்க."

"இல்ல. உன் பிஸ்கட் சுத்தம்."

ரோண்டாவின் போன் மேஜையில் நழுவியது. வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று யாருக்கும் புரியவில்லை. ட்விலாவுக்கு மட்டும் புரிந்துவிட்டது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "எட்டு ஆயிடுச்சு! எட்டு! தட்டுங்க!"

ஹார்லன் தட்டினார். ட்விலா தட்டினாள். ரோண்டாவுக்குக் கண்ணீரில் எழுத்து தெரியவில்லை.

ஒரு கை வந்து போனை எடுத்தது. வெண்டல். இதுவரை ஒரு தடவைகூட இடம் பிடித்துப் பழக்கமில்லாதவன், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகத் தட்டினான். ஏரிக்கரை. இடம் எட்டு. பச்சை.

"ஆள் எத்தனைன்னு கேக்குது," என்றான்.

"ரெண்டு," என்றாள் ரோண்டா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீயும் வா. சமையலாவது பண்ணு."

"மூணு நாள் ரஸ்டிக்கு யாரு தண்ணி வைப்பா?"

ஒன்று என்று போட்டான். அடுத்த கட்டம், குதிரை. அங்கேயும் ஒன்று. தட்டினான். இடம் உறுதி என்று வந்ததும் போனை அவள் முன்னால் வைத்தான்.

"கிடைச்சுதா?" என்றார் ஹார்லன்.

"கிடைச்சுது."

வெண்டல் கோட்டை மாட்டிக்கொண்டு கதவோரம் இருந்த வாளியை எடுத்தான். மேட்டிலிருந்து கனைப்பு கேட்டது. கொட்டகையிலிருந்து பிஸ்கட் பதில் கொடுத்தது. ஜன்னல் வழியே ரோண்டா பார்த்துக்கொண்டிருந்தாள். உறைபனி படிந்த புல்லில், ஆறு கயிறு தூரமும் வாளித் தண்ணீர் சிந்தாமல் அவன் நடந்து போனான்.